காத்து பிரிஞ்சுதா

ஆண்கள் அறுவை வார்டில்
யாரும் யாரையும் நலமா என்று கேட்பதில்லை.
"காத்து பிரிஞ்சுதா?"
காலை ஆறுக்கு சிஸ்டர் எஸ்தர் கேட்கிறார்.
எட்டுக்குக் கூட்டமாக வரும் டாக்டர்கள் கேட்கிறார்கள்.
பெருக்க வரும் லோகம்மா
துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள்.
பக்கத்துக் கட்டில் தேசப்பன் கண்ணாலேயே.
இல்லை, இல்லை என்று தலையாட்டி
மூக்குக் குழாய் உரசிக் கன்னமெல்லாம் புண்.

குடல் ஓட்டையாகி வந்தேன்.
மார்க்குழி தொடங்கி அடிவயிறு வரை திறந்து
கழுவித் தைத்தார்கள்.
தையல் சுத்தம், காய்ச்சல் இல்லை,
குடல் மட்டும் வேலைக்குத் திரும்பவில்லை.
இன்றோடு ஐந்து நாள்.
ஊதிய வயிற்றில் லுங்கி முடிச்சு நிற்பதில்லை.
குழாய் வழியே பச்சைத் தண்ணீர் பையில் சொட்டுகிறது.
வாயில் ஒரு சொட்டு கூடாது.
கஸ்தூரி பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுகிறாள்.
நான் அதை உறிஞ்சும்போது
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

பயிற்சி டாக்டர் ஃபர்ஹானா
ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் நாலு இடத்தில் வைத்தாள்.
இன்னா கேக்குது மேடம்?
"ஒண்ணுமே கேக்கல. அதான் பிரச்சனை."

எனக்குப் புரிந்தது.
பதினேழு வருடம் ட்ரெய்லர் ஓட்டுகிறேன்.
எண்ணூர் விரைவுச் சாலையில்
துறைமுக கேட் திறக்காத இரவுகளில்
சத்தம் இப்படித்தான் போகும்.
முதலில் ஹாரன் நிற்கும், பிறகு எஞ்சின்கள்,
பிறகு திட்டுகிறவர்கள்.
கடைசியில் கடல் மட்டும்.
ஸ்கேனர் பழுதா, சுங்கத்தில் ஆள் இல்லையா,
யாருக்கும் தெரியாது.
முன்னால் நிற்பவன் நகர்ந்தால் நீ நகர்வாய்.

"வலிக்குப் போடற ஊசியும்
குடல மந்தமாக்கும்" என்றாள்.
அதைக் குறைத்தார்கள்.
அன்றிரவு தையல் ஒவ்வொன்றையும்
தொடாமலே எண்ண முடிந்தது.
பொட்டாசியம் குறைவாம், பாட்டிலில் ஏற்றியதில்
கை நரம்பு எரிந்தது.
அப்புறம் இன்னொரு ஊசி,
மெட்டோகுளோப்ரமைடு.
என் வண்டியை விட நீளமான பேர்.
உசுப்பிவிடும் என்றார்கள்.

உசுப்பியது. குடலை இல்லை, காலை.
படுத்தால் முட்டி எழுகிறது,
உட்கார்ந்தால் பாதம் நிற்கவில்லை.
இல்லாத கிளட்சை மிதித்து மிதித்துக்
கட்டில் கிறீச்சிட்டது.
"இன்னாபா, எங்க போறே?"
தேசப்பன் முழித்துக்கொண்டான்.
கஸ்தூரி ஓடிப்போய் ஃபர்ஹானாவை எழுப்பி வந்தாள்.
சில பேருக்கு இப்படி ஆகுமாம்.
கேஸ் ஷீட்டில் அந்த நீளப் பேரை அடித்தாள்.
"நடங்க. அப்புறம், சிரிக்காதீங்க,
சூயிங் கம் மெல்லுங்க. முழுங்கக் கூடாது.
வாய் மென்னா சோறு வருதுன்னு குடல் நம்பும்."
"இத்தினி மிஷின வெச்சிகினு
கடைசில குடலயே ஏமாத்தறீங்களா?" என்றாள் கஸ்தூரி.

பழைய ஜெயில் ரோட்டில் பெட்டிக்கடை திறந்ததும்
ஒரு ரூபாய் பபுள் கம் இருபது வாங்கி வந்தாள்.
அத்தனை நாளுக்குப் பின் நாக்கில் இனிப்பு.
கண் கலங்கியதை வெளியே சொல்ல முடியாது,
பபுள் கம்முக்கா என்பார்கள்.
ஒரு கையில் குளுக்கோஸ் ஸ்டாண்டு,
மறு கை அவள் தோளில்,
வராண்டாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்
மென்றபடி நடந்தேன்.
காசிமேட்டிலிருந்து மீன் வாடையோடு வீசியது.
ஊரெல்லாம் காற்று.

ஏழாம் நாள், விளக்கு அணைக்காத விடிகாலை.
தொப்புளுக்குக் கீழே ஒரு உறுமல்.
தூரத்தில் எவனோ முதல் கியர் போட்டான்.
பிறகு, ஏர் பிரேக் விடுபட்டது போல,
நீளமாக, வெட்கமில்லாமல்,
வார்டு முழுக்கக் கேட்க.

ஒரு நொடி யாரும் அசையவில்லை.
லோகம்மா துடைப்பத்தைத் தலைக்கு மேல் தூக்கினாள்.
பதினோராம் கட்டில் கை தட்டியது.
பத்தொன்பது வருடம் இதற்காகவே என்னைத் திட்டியவள்
முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு
தோள் குலுங்க நின்றாள்.

மதியம் இரண்டு ஸ்பூன் தண்ணீர் தந்தார்கள்.
தண்ணீருக்கு ருசி உண்டு, குளோரின் ருசி.

பபுள் கம் ஒன்பது மீதி.
தேசப்பனுக்கு இது நான்காம் நாள்.
சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.
டாக்டரைக் கேட்டுவிட்டு
அவன் தலையணை ஓரம் வைத்தேன்.
அவனை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.